தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில்

வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டபூர்வ அமைப்பு. அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ளது. 1926ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில்கள் சட்டத்துக்கு மாற்றாக வந்த 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 3ஆம் பிரிவின்கீழ் இதை நிறுவியது. வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுக்கும் 25 உறுப்பினர்களின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். அட்வகேட் ஜெனரல் பதவிவழி உறுப்பினர்.

அதிகாரங்கள்: சட்டப் பட்டதாரிகளைப் பதிவுசெய்தல், பெயர்ப்பட்டியலைப் பேணுதல், தொழில்முறைத் தவறுகளை விசாரித்தல் ஆகியவை முதன்மையானவை. மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு, சாட்சிகளை அழைப்பது உள்ளிட்டவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உடையது. 35ஆம் பிரிவின்படி அது புகாரைத் தள்ளுபடி செய்யலாம். வழக்கறிஞரைக் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பெயரை நீக்கலாம்.

காலவரம்பு, மேல்முறையீடு: ஓராண்டுக்குள் முடியாத விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். குழுவின் உத்தரவை எதிர்த்து 60 நாட்களுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் உச்ச நீதிமன்றம்.

பதிவுக் கட்டணம்: சட்டம் நிர்ணயித்த தொகைக்குமேல் வசூலிக்கக் கூடாது என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்.

பொதுமக்களுக்குப் பயன்: செங்கல்பட்டு மாவட்டம் சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் குடியிருந்து ஒரகடத்தில் உள்ள ஆலைக்குப் பணிக்குச் செல்லும் தொழிலாளியும், தன் வழக்கறிஞர் தவறிழைத்தால் இங்கே புகார் அளிக்கலாம். எளியவருக்கும் திறந்திருக்கும் இந்த வாயிலே இவ்வமைப்பின் பெருமதிப்பு.