உகா மரமும் உமிக்கரியும்

திருவட்டாற்றில் ஜும்ஆ முடிந்து வெளிவரும் சிறுவர் சிலரின் சட்டைப்பையில் உறையிட்ட மிஸ்வாக் குச்சியைக் காணலாம். உம்ரா சென்று வந்தோர் கொடுத்ததாக இருக்கும். அல்லது கடையில் வாங்கியதாக இருக்கும். மதரஸாவில் ஒரு மாணவன் அதைக் காட்டிக் கேட்டான்: "உஸ்தாத், இந்த மரம் நம்ம ஊருல இல்லையே. அப்போ நம்ம உப்பாமாருக்கு இந்த சுன்னத் கிடைக்காமலே போச்சா?" உடனே விடை சொல்ல இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்று கருதாவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். இறுதி நேரத்தில்கூட, அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்த குச்சியை நபியவர்கள் உற்று நோக்கினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அதை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். அந்த ஹதீஸை நடத்தும் நாளில் வகுப்பே அமைதியாகிவிடும்.

மிஸ்வாக்கிற்குச் சிறந்ததாக அறிஞர்கள் கூறும் மரம் அராக். தாவரவியலில் அதன் பெயர் சால்வடோரா பெர்சிகா. 1753-இல் லின்னேயஸ் இட்டது. அரபு நாட்டுக்கே உரிய மரம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. தமிழில் அதற்கு உகா என்று பெயர். குறுந்தொகைப் புலவர்கள் பாலை நிலத்தைப் பாடும்போது இம்மரத்தைக் குறித்துள்ளனர். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உவர் மண்ணில் இன்றும் வளர்கிறது. கடல் கடந்து வரும் குச்சிக்கு விலை கொடுக்கும் நாம் இதை அறியாதிருப்பது வியப்புக்குரியது.

ஆயினும் மாணவன் சொன்னதும் சரியே. கோதையாறும் பறளியாறும் கூடும் மூவாற்றுமுகத்தின் ஈர மண்ணில் உகா வளர்வதில்லை. இங்கே முன்னோர் கைக்கொண்டவை வேறு. உமியைக் கரித்து, உப்பும் சிறிது நல்லமிளகும் சேர்த்துப் பொடித்து, சிரட்டையிலோ பரணியிலோ வைத்திருப்பர். நாக்கு வழிக்கப் பச்சை ஈர்க்கில். உமிக்கரி இல்லாத நாளில் பழுத்த மாவிலையின் நடுநரம்பை நீக்கிச் சுருட்டித் தேய்ப்பர். வேப்பங்குச்சியும் உண்டு. என் உம்மம்மா சுபுஹுக்கு முன் உமிக்கரியோடு கிணற்றடியில் நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. வயல்கள் குறைந்து ரப்பரும் தென்னையும் பெருகியபின் வீட்டில் உமியே அரிதாகிவிட்டது.

இவை சுன்னத்தாகுமா? இமாம் நவவீ (இறப்பு 1277) முஸ்லிம் நூலுக்கு எழுதிய விரிவுரையில், அராக் குச்சி விரும்பத்தக்கது. எனினும் வாயின் மாற்றத்தைப் போக்கும் எதனாலும் மிஸ்வாக் நிறைவேறும் என்கிறார். முரட்டுத் துணி, சுஃத், உஷ்னான் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகிறார். சுஃத் என்பது நம் வயல் வரப்பில் முளைக்கும் கோரையின் கிழங்கு. உஷ்னான் உவர் நிலச் செடி. அரபுகள் கைகழுவவும் துணி வெளுக்கவும் அதைப் பயன்படுத்தினர். இந்த அளவுகோலின்படி உமிக்கரியும் மாவிலையும் ஏன் ஆகாது? என் கருத்தில், இன்றைய பிரஷ்ஷும் ஆகும்.

ஆய்வாளர்களும் இக்குச்சியைச் சோதித்துள்ளனர். உலகச் சுகாதார நிறுவனம் 1987-இல், வழக்கமுள்ள பகுதிகளில் இதன் பயன்பாட்டை ஊக்குவித்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணுயிர் வளர்த்த தட்டின்மேல் குச்சியைத் தொடாமல் தொங்கவிட்டனர். அப்போதும் நுண்ணுயிர் வளர்ச்சி தடைப்பட்டது. ஆவியாகும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று அறிந்து, 2011-இல் அது பென்சைல் ஐசோதயோசயனேட் என்று காட்டினர். மெல்லும்போது நாவில் ஏறும் காரமும் அதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆய்வகத் தட்டு வேறு, குழந்தையின் வாய் வேறு. மிஸ்வாக் இருக்கிறதே என்று பல் மருத்துவரிடம் காட்டாமல், கன்னம் வீங்கிய பிறகே அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பிள்ளையை நான் அறிவேன். குழி விழுந்த பல்லை எந்தக் குச்சியும் அடைக்காது. அழுத்தித் தேய்த்தால் ஈறு தேயும்; உமிக்கரியின் சிலிக்கா பல்லின் மேற்பூச்சையும் தேய்க்கும். இப்னுல் கய்யிம் (இறப்பு 1350) தம் நபிவழி மருத்துவ நூலில், அறியாத மரத்தின் குச்சியைப் பயன்படுத்த வேண்டாம், அது நஞ்சாக இருக்கக்கூடும் என்று எழுதியுள்ளார். மிஸ்வாக்கின் சிறப்பை எழுதியவரே இந்த எச்சரிக்கையையும் எழுதினார். நம் வாட்ஸ்அப் செய்திகளில் சிறப்புகள் மட்டுமே வருகின்றன.

அந்த மாணவனிடம் இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். மறுநாள் அவனும் இரு தோழர்களும் மாவிலை பறித்து வந்தனர். நடுநரம்பை எப்படி உரிப்பது என்று மூவருக்கும் தெரியவில்லை. உரித்துக் காட்டினேன்.