ஒலிவெட்டி: லாபத்துக்கு முன்பே வந்த சமூகப் பொறுப்பு

பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் ‘சமூகப் பொறுப்பு’ என்று ஒரு அத்தியாயம் இருக்கும். மரக்கன்று நடுவது, பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் கொடுப்பது, கண் சிகிச்சை முகாம் நடத்துவது என்று படங்களோடு போட்டிருப்பார்கள். எல்லாமே நல்ல காரியங்கள்தான். ஆனால் இவை லாபம் வந்த பிறகு, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துச் செய்பவை. அந்த லாபம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்காது.

லாபம் சம்பாதிக்கும் முறையிலேயே சமூகப் பொறுப்பைச் சேர்க்க முடியுமா? முடியும் என்று சில பத்தாண்டுகள் செய்து காட்டிய ஒரு தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. இத்தாலியின் ஒலிவெட்டிதான் அது. அதன் வரலாற்றையும், அது எங்கே நின்றுபோனது என்பதையும் பார்க்கலாம்.

தொடக்கம்

வடக்கு இத்தாலியில், டூரின் நகரத்துக்குப் பக்கத்தில் இவ்ரியா என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1908-ல் கமில்லோ ஒலிவெட்டி என்ற பொறியாளர் தட்டச்சுப்பொறி தயாரிக்க ஒரு தொழிற்சாலை தொடங்கினார். முதல் இயந்திரமான எம்1, 1911-ல் டூரின் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

கமில்லோவின் மகன் அட்ரியானோ 1901-ல் பிறந்தவர். 13 வயதிலேயே அப்பா அவரைத் தொழிற்சாலைக்குள் வேலைக்கு அனுப்பினார். ஒரே அசைவை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை மனிதனின் மனதை எப்படிச் சிறைப்படுத்துகிறது என்பதை அங்கேதான் அவர் அனுபவித்தார். பிறகு 1925-ல் அமெரிக்கா போய்ப் பல தொழிற்சாலைகளைப் பார்த்தார். அங்கே கற்ற நவீன உற்பத்தி முறையை இவ்ரியாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அந்த 13 வயது அனுபவத்தை மறக்கவில்லை. 1938-ல் அவர் நிறுவனத்தின் தலைவரானார்.

என்னதான் செய்தார்கள்?

தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம், மருத்துவ வசதி, வீடுகள், தொழிற்சாலைக்குள்ளேயே நூலகம் என்று பட்டியல் நீளம். பிரசவ விடுப்பு சட்டம் சொன்னதைவிட அதிகம். 1956-ல் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள், சம்பளத்தில் ஒரு லிரா குறைக்காமல்! இத்தாலியின் தேசியத் தொழிலாளர் ஒப்பந்தங்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே நடந்தது இது. நூலகமும் சேவைகளும் முதலாளியின் கருணை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக, 1948-ல் ஒரு நிர்வாகக் குழு அமைக்கப்பட்டது. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் அதில் உட்கார்ந்து, சமூகச் சேவைகளுக்கான பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்று பேசினார்கள்.

1955-ல் நேப்பிள்ஸ் அருகே பொஸ்ஸுவோலியில் புதிய தொழிற்சாலை திறந்தார்கள். இத்தாலியின் தெற்குப் பகுதி வறுமையானது. வேலை தேடி வடக்கே ஓடுவதுதான் அங்கே வழக்கம். மக்களை வடக்கே இழுப்பதற்குப் பதிலாக வேலையைத் தெற்கே கொண்டுபோவது என்று அட்ரியானோ முடிவு செய்தார். கட்டடத்தை வடிவமைத்தவர் லூயிஜி கொசென்சா. வேலை செய்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் வழியே மரங்களும் கடலும் தெரியும்படி கட்டினார். தொழிலுக்கு லாபத்தைத் தவிர வேறு நோக்கம் இருக்க முடியாதா என்ற கேள்வியை அட்ரியானோ அந்தத் திறப்பு விழாவில்தான் எழுப்பினார்.

தர்மமா, வியூகமா?

இதையெல்லாம் படித்தால் ‘நல்ல மனுஷன், தர்மம் செய்திருக்கிறார்’ என்று தோன்றும். அது பாதி உண்மைதான். நடாலே கப்பெல்லாரோ என்பவரைப் பாருங்கள். 1916-ல் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தவர். பொறியியல் படிப்பு கிடையாது. அவர் வடிவமைத்த டிவிசும்மா 14 என்ற கணக்குப் பொறி 1948-ல் வந்தது. தயாரிப்புச் செலவைவிடப் பல மடங்கு விலைக்கு விற்று, நிறுவனத்துக்குப் பெரிய லாபம் கொடுத்தது. கீழே இருந்த ஒருவருடைய திறமையை அடையாளம் கண்டு மேலே வர வழிவிட்டதால் கிடைத்த லாபம் அது. அந்த லாபம்தான் காப்பகத்தையும் நூலகத்தையும் நடத்தியது.

இன்னொரு சம்பவம். 1952-53-ல் கிடங்குகளில் சரக்கு தேங்கியது. ஆட்குறைப்பு செய்யலாம் என்று யோசனை சொன்னார்கள். அட்ரியானோ மறுத்துவிட்டு, விலையைக் குறைத்து, விற்பனையாளர்களைக் கூடுதலாக எடுத்து, புதுக் கிளைகள் திறந்தார். சரக்கு விற்றது, நிறுவனம் வளர்ந்தது. 1958 வாக்கில் இத்தாலியிலும் வெளிநாடுகளிலுமாகச் சுமார் 24,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். ஆளை வெளியே அனுப்பக் கூடாது என்ற பொறுப்புதான் சந்தையைப் பெரிதாக்கும்படி அவர்களை நெருக்கியது. வியூகத்துக்குள் பொறுப்பு இருப்பது என்றால் இதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. இது வெறும் ‘அப்பா முதலாளி’ முறை, போராட்டத்தை மழுங்கடிக்கிறது என்று இடதுசாரித் தொழிற்சங்கங்கள் குற்றம் சாட்டின. பொஸ்ஸுவோலியில் வேலை கேட்டு வந்தவர்கள் இருந்த இடங்களைவிடப் பல மடங்கு. அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த ஒத்தியேரோ ஒத்தியேரி, அந்த அனுபவத்தை வைத்து 1959-ல் ஒரு நாவலே எழுதினார். அழகான தொழிற்சாலைக்கும் ஒரு கேட் இருக்கிறது, அதற்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள்!

எங்கே உடைந்தது?

1960 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்துக்குப் போகும் ரயிலில் அட்ரியானோ திடீரென்று இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் அண்டர்வுட் நிறுவனத்தை வாங்கியிருந்தார்கள். அதை நிமிர்த்த எதிர்பார்த்ததைவிட அதிகப் பணம் தேவைப்பட்டது. அதே 1959-ல்தான் எலியா 9003 என்ற டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டரும் வெளிவந்திருந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் மாரியோ சூ 1961-ல் கார் விபத்தில் இறந்தார். அடி மேல் அடி.

1964-ல் ஃபியட், பிரெல்லி போன்ற நிறுவனங்களும் வங்கிகளும் சேர்ந்து பணம் போட்டு உள்ளே வந்தன. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு அகற்றப்பட வேண்டிய ஒரு மச்சம் என்பது ஃபியட் தலைவர் வல்லெட்டாவின் கருத்து. அது ஜெனரல் எலக்ட்ரிக் கைக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், இவ்ரியாவில் மிச்சமிருந்த ஒரு சின்னக் குழு, பியர் ஜியோர்ஜியோ பெரோத்தோ தலைமையில், 1965-ல் புரோகிராமா 101-ஐ வெளியிட்டது. மேசை மேல் வைத்துப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களுக்கு முன்னோடி என்று இன்று பலரும் சொல்வது அதைத்தான். நாசா கூட வாங்கியது.

அட்ரியானோவுக்கு ஒரு நிறைவேறாத திட்டம் இருந்தது. நிறுவனத்தின் உரிமையை முதலீட்டாளர்கள், தொழிலாளர்கள், உள்ளூர் சமூகம், பல்கலைக்கழகம் ஆகியோர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அது. குடும்பத்தினரே சம்மதிக்கவில்லை. அது நடந்திருந்தால், 1964-ல் முடிவெடுத்த மேசையில் தொழிலாளர்களுக்கும் ஊருக்கும் ஒரு நாற்காலி இருந்திருக்கும். சேவைகளை மேற்பார்த்த நிர்வாகக் குழுவும் 1971-ல் முடிவுக்கு வந்தது. இவ்ரியாவின் அந்தக் கட்டடங்களை யுனெஸ்கோ 2018-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. அவற்றுக்குள் இருந்த ஏற்பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

நமக்கு என்ன?

இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு அந்தக் கணக்கில் சேராது. அதாவது, ஆட்குறைப்பு செய்யாமல் நெருக்கடியைத் தாண்டுவதும், சம்பளம் குறைக்காமல் மூன்று மணி நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அந்த 2 சதவீதத்தில் வராது!

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அறிக்கையைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, விற்பனை குறைந்த வருடத்தில் அவர்கள் யார் மேல் கை வைத்தார்கள்? இரண்டு, இன்றைய தலைவர் நாளை இல்லாமல் போனால், இந்த நல்ல காரியங்களைத் தொடரச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கும்? ஒலிவெட்டி முதல் கேள்வியில் நன்றாகத் தேறியது. இரண்டாவதில் தோற்றது.