ஃபாக்ஸ்டன்: இயந்திரம் போனது, மதகு நின்றது

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், மார்க்கெட் ஹார்பரோ நகருக்கு அருகே ஃபாக்ஸ்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள குன்றின்மீது, 75 அடி உயரத்துக்குப் படகுகள் பத்து நீரறைகளின் வழியே ஏறி இறங்குகின்றன. ஆங்கிலத்தில் இவ்வமைப்புக்கு ‘லாக்’ என்று பெயர். இதைப் ‘பூட்டு’ என்று தமிழாக்குவோர் உளர், அது பொருந்தாது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தாழ்ப்பாள் என்பதோடு அடைப்பிடம் என்ற பொருளும் இருந்தது. இங்கே பூட்டப்படுவது எதுவுமில்லை. தண்ணீர் அடைக்கப்படுகிறது, அவ்வளவே.

ஐந்தைந்தாக இரண்டு தொகுதிகள். நடுவே படகுகள் ஒன்றையொன்று கடப்பதற்கு ஒரு சிறு நீர்நிலை. ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் அறையின் மேற்கதவே அடுத்த அறையின் கீழ்க்கதவு. ஆகவே ஒரு படகு ஏறத் தொடங்கிவிட்டால் எதிரே வருவது காத்திருக்கத்தான் வேண்டும். அறைகளுக்குப் பக்கத்தில் குளங்கள் உண்டு. மேல் அறையிலிருந்து வெளியேறும் நீர் பக்கக் குளத்துக்குப் போய், அங்கிருந்து கீழ் அறைக்குச் செல்லும். இதற்கான மதகுகளுக்குச் சிவப்பு, வெள்ளை என இரு வண்ணங்கள் பூசியுள்ளனர். முதலில் சிவப்பைத் திறந்து குளத்தில் இடம் உண்டாக்க வேண்டும், பிறகே வெள்ளை. வரிசை மாறினால் குளம் நிரம்பி வழிந்து நீர் வீணாகும். படகோட்டிகள் மறவாதிருக்க இதை ஒரு சிறு பாட்டாகவே வைத்திருக்கிறார்கள்.

இத்தனை கவனம் எதற்கு? குன்றின் மேலே, ஃபாக்ஸ்டனுக்கும் நார்தாம்டன்ஷயரின் வாட்ஃபோர்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 மைல் தூரத்துக்கு ஒரே மட்டத்தில் கால்வாய் ஓடுகிறது. அங்கே ஆறு கிடையாது. நேஸ்பி, சல்பி, வெல்ஃபோர்டு நீர்த்தேக்கங்களே துணை. படகு ஒவ்வொன்றும் இந்த மேட்டு நீரில் ஒரு பங்கைக் கீழே கொண்டுபோய்விடும்.

1810இல் அனுமதி பெற்று 1814இல் திறக்கப்பட்ட இக்கால்வாயில், பணத்தையும் நீரையும் மிச்சப்படுத்த நீரறைகளை 7 அடி அகலத்தில் கட்டினர். அதன் இரு முனைகளிலும் இணைந்த கால்வாய்களோ 14 அடி அகலப் படகுகளை ஏற்பவை. அன்று செய்த சிக்கனம் ஒரு நூற்றாண்டுக்கு வணிகத்தின் கழுத்தை நெரித்தது. வடக்கின் நிலக்கரியை லண்டனுக்குக் கொண்டு செல்லும் அகலப் படகு இவ்விடத்தில் நின்றுவிடும். ரயில் வந்த பின் அந்தத் தாமதத்தைப் பொறுப்பார் யார்?

கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் நிறுவனம் 1894இல் இதை வாங்கியது. அதன் பொறியாளர் கார்டன் தாமஸ் வகுத்த சாய்தளம் 1900இல் இயங்கத் தொடங்கியது. நீர் நிரப்பிய இரு பெருந்தொட்டிகள், இரும்புக் கயிற்றால் இணைந்து, ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். எடை சமமாதலால் சிறு நீராவி இயந்திரமே போதுமானது. நீரறைகளில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும் பயணம் இங்கே 12 நிமிடங்களில் முடிந்தது. மேட்டு நீரும் மிச்சம்.

ஆயினும் வாட்ஃபோர்டின் ஏழு நீரறைகளை அகலமாக்கவில்லை. ஒரு முனையைத் திறந்துவிட்டு மறுமுனையை அப்படியே விட்டால் அகலப் படகு எங்ஙனம் கடக்கும்? எதிர்பார்த்த போக்குவரத்து வரவில்லை. படகு வந்தாலும் வராவிட்டாலும் கொதிகலனில் தீ எரிந்துகொண்டே இருக்க வேண்டும்; செலவு குறையாது. பழைய நீரறைகளுக்கோ, கதவைத் தள்ள இரண்டு கைகள் போதும். சில ஆண்டுகளிலேயே இரவுப் படகுகளுக்காக அவற்றைச் செப்பனிட்டனர். 1911இல் சாய்தளத்தின் வழக்கமான பணி நின்றது. 1928இல் அதன் இரும்பு 250 பவுனுக்குப் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

கொதிகலன் இருந்த கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டு இன்று அருங்காட்சியகமாயிருக்கிறது. சற்றுத் தள்ளி, அதே 7 அடி அறைகளில், சிவப்பை முதலிலும் வெள்ளையை அடுத்தும் திறந்து, உல்லாசப் படகுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன.