கப்பலில் குளிர் கெட்டால்... ரிப்பேரா, புதுசா?

திருப்பூருக்குக் கடல் கிடையாது. நொய்யலில் படகு விடுகிற அளவுக்குத் தண்ணீரும் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்னம்பாளையம் மார்க்கெட்டுக்குப் போனால் ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினத்து மீன்கள் ஐஸோடு வந்து இறங்கியிருக்கும். வலையில் சிக்கிய நிமிடத்திலிருந்து திருப்பூர் வந்து சேரும்வரை அந்த மீனுக்கு விலை இருப்பது ஒரே ஒரு காரணத்தால்தான். அது குளிர்!

நடுக்கடலில் அந்தக் குளிர் கெட்டுப்போனால் என்ன செய்வது? மெக்கானிக் கடை அங்கே இல்லை. ரிப்பேர் பார்ப்பதா, கரைக்கு வந்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் கிட்டத்தட்ட 200 வருட வரலாறு இருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் பாடம் இதுதான்: மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைச் சுற்றி இருப்பதைப் பார்.

மரத்தூள் காப்பாற்றிய ஐஸ்

பிரிட்ஜ் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் கப்பலே பிரிட்ஜாக இருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டி எடுத்து வெளிநாடுகளுக்கு விற்றவர். 1833ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸ் ஏற்றி கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். எந்த மெஷினும் கிடையாது. அப்படியும் சுமார் 100 டன் ஐஸ் உருகாமல் கல்கத்தா போய்ச் சேர்ந்தது!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஐஸைச் சுற்றி மரத்தூள், வைக்கோல் போன்றவற்றை நெருக்கமாக அடைத்து, வெப்பம் உள்ளே போகாமல் தடுத்தார்கள். மர அறுவை ஆலைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய தூள்தான் அந்த வியாபாரத்தையே தாங்கிப் பிடித்தது.

அடுத்து சென்னை. 1842ல் கடற்கரையில் டியூடருக்காக ஒரு ஐஸ் கிடங்கு கட்டப்பட்டது. அப்போது சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல் ஆழத்தில் நிற்கும். சரக்கெல்லாம் மசூலா படகுகளில் ஏறி, அலையில் ஆடி ஆடித்தான் கரைக்கு வரவேண்டும். 1870களில் உள்ளூரிலேயே நீராவி இயந்திரத்தால் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஐஸ் கிடங்கு கைமாறியது. 1897ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்த ஏரியாவுக்குப் பெயர் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான்.

மேடையில் ஜெயித்தது, கடலில் தோற்றது

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். ஐஸ் தயாரிக்கும் இயந்திரங்களை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். மாதக்கணக்கில் உறைய வைத்த இறைச்சியையும் நன்றாகச் சாப்பிட முடியும் என்று 1873 மெல்போர்ன் கண்காட்சியில் நிரூபித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார்.

அதே வருடம் 'நார்ஃபோக்' என்ற கப்பலில் இறைச்சி ஏற்றி லண்டனுக்குக் கிளம்பினார். ஆனால் கப்பலில் குளிரூட்டும் இயந்திரத்தைப் பொருத்தவில்லை. ஐஸை வைத்துக் குளிராக்கும் அறையை நம்பினார். ஐஸ் அவர் போட்ட கணக்கைவிட வேகமாகத் தீர்ந்துவிட்டது. இறைச்சி முழுவதும் பாழ். அதோடு ஹாரிசனின் பணமும் போனது. கரையில் சரியாக வந்த கணக்கு, வெயிலும் ஆட்டமும் உள்ள கடலில் சரியாக வரவில்லை.

காலில் கயிறு கட்டி மீட்கப்பட்ட கேப்டன்

கப்பலில் பிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவர்களில் மறக்கக்கூடாத ஆள் கேப்டன் ஜான் விட்சன். 1882 பிப்ரவரியில் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய 'டுனெடின்' கப்பலின் தலைவர். அது ஒரு பாய்மரக் கப்பல். ஆனால் உள்ளே சுமார் 5,000 ஆட்டிறைச்சி உடல்கள். அவற்றை உறைய வைக்க நிலக்கரியில் ஓடும் பெல்-கோல்மன் இயந்திரம். காற்றை அழுத்தி, பிறகு விரியவிட்டுக் குளிராக்குவது அதன் வேலை. கொதிகலன் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறி பாய்மரத்தையே பற்றவைக்கும் அளவுக்கு ஆபத்தான கூட்டணி!

வெப்ப மண்டலத்தைத் தாண்டும்போது சிக்கல் வந்தது. இயந்திரம் ஓடுகிறது, ஆனால் குளிர்காற்று கிடங்கு முழுக்கப் பரவவில்லை. வேறு யாராக இருந்தாலும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். விட்சன் காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து போய், காற்று வெளியேற இன்னும் சில துளைகளை அறுத்தார். குளிரில் உடம்பு விறைத்து, உயிர் போகும் நிலை. காலில் கயிறு கட்டி இழுத்துத்தான் அவரை வெளியே கொண்டு வந்தார்கள்.

98 நாள் பயணத்துக்குப் பிறகு லண்டனில் இறக்கியபோது கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு ஆட்டின் இறைச்சி. நியூசிலாந்தின் பெரிய ஏற்றுமதித் தொழில் ஒன்று அந்தத் துளைகளில் ஆரம்பித்தது என்றுகூடச் சொல்லலாம். கோளாறு இயந்திரத்தில் இல்லை, காற்று போகும் பாதையில்தான் இருந்தது.

கடைசிக் கம்பத்து வீடு

இப்போது சின்னப் படகுகளுக்கு வருவோம். உல்லாசப் படகுகளில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பிரிட்ஜ் இருக்கும். இதற்கான கம்ப்ரஸர்களில் பேர் பெற்றது டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தின் பி.டி. வரிசை. 2010ல் அந்தப் பிரிவு 'செகாப்' என்ற தனி நிறுவனமானது.

குறைந்த வோல்டேஜ் என்றாலே ஒரு பிரச்சினை கூடவே வரும். 60 வாட் பிரிட்ஜ் வீட்டு 230 வோல்ட்டில் ஓடினால் கால் ஆம்பியர்தான் எடுக்கும். அதே பிரிட்ஜ் 12 வோல்ட்டில் ஓடினால் 5 ஆம்பியர்! வயர் மெல்லியதாக இருந்தாலோ, உப்புக் காற்றில் இணைப்பு பச்சை பூத்திருந்தாலோ வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் பல்பு பளிச்சென்று எரியும், கடைசிக் கம்பத்து வீட்டில் மினுக் மினுக்கென்று எரியும் அல்லவா? அதே கதைதான்.

ஒரு கணக்கு போடலாம். பேட்டரியில் 12.2 வோல்ட். வயரின் மொத்த மின்தடை 0.4 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் வழியில் போய்விடும். பிரிட்ஜுக்குக் கிடைப்பது 10.2. மேலே சொன்ன கம்ப்ரஸரின் கட்டுப்பாட்டுப் பெட்டி, பேட்டரியைக் காப்பாற்ற 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிறுத்திவிடும். நின்றதும் கரண்ட் ஓடாது, அதனால் வோல்டேஜ் மறுபடி 12.2க்கு ஏறும். 11.7ஐத் தாண்டியதால் மறுபடி ஓட முயற்சிக்கும். மறுபடி நிற்கும். பார்ப்பவர் "கம்ப்ரஸர் போச்சு" என்பார். பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். பிரிட்ஜ் ஓடும்போது, பிரிட்ஜ் முனையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

அந்தப் பெட்டியில் எல்.இ.டி. விளக்கு இணைத்திருந்தால் அதுவே நோயைச் சொல்லும். ஒரு முறை சிமிட்டினால் வோல்டேஜ் குறைவு. இரண்டு என்றால் மின்விசிறி அதிக கரண்ட் எடுக்கிறது. மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை. நான்கு என்றால் வேகம் போதவில்லை. ஐந்து என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி சூடாகிவிட்டது. ஐந்தில் முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் வயரும் காற்றோட்டமும் சம்பந்தப்பட்டவை. விட்சன் போன அதே வழி!

எப்போது மாற்றுவது?

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்துவிட முடியாது. கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் கம்ப்ரஸர் மோட்டார் மூடி வெல்டிங் செய்யப்பட்டது. அது இறுகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். சுவருக்குள் இருக்கும் ஃபோம் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் எவ்வளவு நல்ல கம்ப்ரஸர் போட்டாலும் வீண். பெட்டியையே புதிதாகக் கட்டவேண்டும். மிகப் பழைய பிரிட்ஜில் ஆர்-12 வாயு இருக்கும். ஓசோன் படலத்தைக் காக்க 1987ல் வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் அது வழக்கொழிந்தது. அப்படிப்பட்ட பிரிட்ஜில் வாயு கசிந்துவிட்டால் அதற்கு விடை கொடுப்பதே நல்லது.

நம் கடலில்

நம் விசைப்படகுகளில் பெரும்பாலும் பிரிட்ஜ் கிடையாது, ஐஸ்தான். ஐஸ் பார்களை உடைத்துக் கிடங்கில் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். 50 கிலோ ஐஸ் உருகி முடிவதற்குள் சுமார் 4.6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை உறிஞ்சும். பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம். ஆனால் கிடங்குச் சுவர் சரியில்லை என்றால் ஹாரிசன் கதைதான்.

அதன் விலை என்ன? 2017ல் தொடங்கிய பாக் நீரிணை ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில் ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். 70 சதவீதம் மானியம். மீதியில் மீனவர் கைக்காசு 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். முதல் நாள் பிடித்த மீன் கடைசி நாள்வரை தாங்கவேண்டும். ஐஸ் சீக்கிரம் உருகினால் வலையில் எவ்வளவு மீன் இருந்தாலும் திரும்பி வந்தே ஆகவேண்டும். டீசல் காசுகூடத் தேறாது.

மரத்தூள், காற்றுத் துளை, தடித்த வயர், கிடங்குச் சுவர்... எல்லாமே மலிவான, கண்ணில் படாத சமாச்சாரங்கள். கடலில் குளிரைக் காப்பாற்றியது பெரும்பாலும் இவைதான். அடுத்த முறை மார்க்கெட்டில் கண் பளபளவென்று இருக்கும் மீனைப் பார்த்தால், ஏதோ ஒரு படகில் யாரோ சுவரைச் சரியாக அடைத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.