சாஃப்டிமேஜ்

முப்பரிமாண அசைவூட்டம், காட்சி விளைவுகள் ஆகியவற்றுக்கான கணினி மென்பொருள், இன்று வழக்கொழிந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் டேனியல் லாங்லுவா 1986இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. ‘ஜுராசிக் பார்க்’ (1993) டைனோசர்களை அசைவூட்டப் பயன்பட்டது. மைக்ரோசாஃப்ட் (1994), அவிட் (1998), ஆட்டோடெஸ்க் (2008) எனக் கைமாறியது.

2008இல் சேர்க்கப்பட்ட ‘ஐஸ்’ என்ற வசதி இதன் தனிச்சிறப்பு. நிரல் எழுதத் தெரியாத கலைஞர்களும் அதில் கட்டங்களைக் கோடுகளால் இணைத்தே புகை, மணல், பறவைக் கூட்டம் போன்றவற்றுக்குச் சொந்தக் கருவிகள் செய்துகொண்டனர்.

2014 மார்ச்சில் ஆட்டோடெஸ்க் இதைக் கைவிடுவதாக அறிவித்தது. ‘சாஃப்டிமேஜ் 2015’ கடைசிப் பதிப்பு. ஆதரவு 2016 ஏப்ரலில் முடிந்தது. பயனர்களைத் தன் மற்ற மென்பொருள்களான மாயா, 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவற்றுக்கு மாறச் சொன்னது நிறுவனம். ஐஸில் உருவாக்கிய கருவிகள் அவற்றில் இயங்காததால் கலைஞர்கள் கொதித்தனர். பலர் ஹூடினி என்ற வேறு மென்பொருளுக்குச் சென்றனர்.