ஜீவா புத்தகத்துக்கு லைசன்ஸ் எங்கே?

ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்னு சொன்னதும் நமக்கு லினக்ஸ், கிட்ஹப்தான் ஞாபகம் வரும். எனக்கு வர்றது நாகர்கோவில் பக்கத்துல இருக்கிற பூதப்பாண்டி, ப. ஜீவானந்தம் பிறந்த ஊரு.

ஜீவா இறந்தது 1963-ல. நம்ம சட்டப்படி, எழுத்தாளர் இறந்த அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷத்துக்குப் பதிப்புரிமை இருக்கும். அப்போ 2023 முடியிற வரைக்கும் அவர் எழுத்தை யாரும் கேக்காம வெளியிட முடியாது. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே வெளியிட முடிஞ்சது. காரணம், நாட்டுடைமை.

1949-ல பாரதியார்ல தொடங்கின வழக்கம் இது. வாரிசுகளுக்கு அரசு ஒரு பரிவுத்தொகை கொடுக்கும், அதுக்கப்புறம் எந்தப் பதிப்பாளரும் அச்சடிக்கலாம். தேரூர் கவிமணியும் இந்தப் பட்டியல்ல இருக்கார். 2009-ல நாகர்கோவில் சுந்தர ராமசாமி பேரும் வந்துது. குடும்பம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவர் மறைஞ்சது 2005-ல, அதனால 2065 முடியிற வரைக்கும் உரிமை அவங்ககிட்டதான். அதுல தப்பே இல்லைங்கறது என் கட்சி. உரிமையாளர் மனசார ‘சரி’ன்னு சொன்னாத்தானே அது அனுமதி!

இணையம் வந்ததும் ஒரு புதுச் சிக்கல். ‘நாட்டுடைமை’ங்கற சொல்லையே பாருங்க: நாட்டுக்குச் சொந்தமா, இல்ல யாருக்குமே சொந்தம் இல்லையா? திருத்தலாமா? வெளிநாட்டுல இருக்கிறவர் விக்கலாமா? சென்னைப் பதிப்பாளருக்கு அரசாணை போதும். ஆனா விக்கிமூலம் மாதிரி உலகம் முழுக்கத் திறந்து கிடக்கிற இடத்துக்கு, எல்லா நாட்டுலயும் புரியற மாதிரி எழுதின ஒரு லைசன்ஸ் வேணும்.

2010-களின் நடுவுல அது நடந்துது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மூலமா ரெண்டாயிரத்துக்கும் மேல நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்துது, சிசி ஜீரோங்கற உரிமத்தோட. கிரியேட்டிவ் காமன்ஸ் எழுதின உரிமம் அது. ‘எங்க உரிமை எல்லாத்தையும் விட்டுட்டோம், நகலெடுங்க, மாத்துங்க, வித்தும் சம்பாதிங்க’ங்கறதுதான் சாரம். அந்த மின்னூல்களைத் திறந்தா, முன்பக்கத்துல தமிழ்லயே எழுதியிருக்கும். பெரிய விழா எதுவும் கிடையாது. ஆனா பாரதி நாட்டுடைமைக்கு அடுத்தபடியா பெரிய வேலை இதுதான்னு நான் நினைக்கிறேன்.

வேடிக்கை என்னன்னா, இதே சிசி ஜீரோ சாஃப்ட்வேர் உலகத்துல தேறல. அங்கே எது ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்னு பாத்து அங்கீகாரம் கொடுக்கிறது 1998-ல தொடங்கின ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ். அவங்ககிட்ட பத்து அம்சம் உள்ள ஒரு வரையறை இருக்கு. 2012-ல சிசி ஜீரோ அங்க போச்சு. அதுல ஒரு வரி: காப்புரிமை, அதாவது பேட்டன்ட், இதுல சேராது. கோடை இலவசமாக் கொடுத்துட்டு, அப்புறம் பேட்டன்ட் வச்சுக் கேஸ் போட்டா? விவாதம் நீண்டுது. கடைசியில கிரியேட்டிவ் காமன்ஸே விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க.

ஜீவா கட்டுரையில பேட்டன்ட் எடுக்க என்ன இருக்கு? அதனால அங்க பிரச்சினை இல்லை. உங்க கோடுக்கு வேற பாருங்க. அப்பாச்சி 2.0 பேட்டன்ட் அனுமதியையும் சேர்த்தே கொடுக்குது. ஃபெடோரா லினக்ஸ்காரங்க 2022-ல, புதுசா வர்ற கோடுக்கு சிசி ஜீரோ வேண்டாம்னே அறிவிச்சிட்டாங்க.