ஊடுருவும் பூஞ்சைப் பீனிசம்: நீரிழிவு நோயாளரில் கதிர்ப்படப் பரிசோதனை

ஊடுருவும் பூஞ்சைப் பீனிசம் என்பது மூக்கிலும் அதைச் சூழ்ந்த காற்றறைகளிலும் பற்றும் பூஞ்சை, மென்சவ்வைத் தாண்டிக் குருதிக்குழாய்களுக்குள் புகுந்து, இழையங்களை அழுகச் செய்யும் தொற்று. நீரிழிவு நோயாளரிடம் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது ரைசோபஸ் முதலான மியூக்கர் இனங்கள், அடுத்து அஸ்பெர்ஜிலஸ். மனிதரில் மியூக்கர் நோயை முதலில் விரிவாக எழுதியவர் பால்டாஃப், 1885 இல்.

இலங்கையில் இந்நோய்க்குக் கண்டியின் மழையையும் ஈரச்சுவரையும் குற்றம் சொல்லத் தோன்றும். ஆனால் இப்பூஞ்சைகளின் வித்திகள் எங்கும் மிதப்பவை. யாழ்ப்பாணத்து வறண்ட காற்றிலும் உண்டு. வேறுபாடு உடலுக்குள்தான். கட்டுக்கடங்காத சீனி வெண்குருதிக் கலங்களை மந்தமாக்குகிறது. குருதியில் கீட்டோன் அமிலம் மிகும்போது புரதப் பிடியிலிருந்து விடுபடும் இரும்பு பூஞ்சைக்குத் தீனியாகிறது. 2005-06 இல் நடந்த தேசிய ஆய்வில், வயதுவந்த இலங்கையரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தது.

ஒரு பக்க முகவலி, கன்ன மரப்பு, இமை வீக்கம், அண்ணத்தில் கருமை ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். சிலருக்குப் பல் ஆடத் தொடங்கும். அவர்கள் முதலில் போவது பேராதனைப் பல் வைத்தியசாலை போன்ற இடத்துக்கே. மலையகத் தோட்டத்திலிருந்து வருபவர் தோட்ட மருந்தகம், ஆதார வைத்தியசாலை எனப் படிப்படியாகக் கடந்தே கண்டி தேசிய வைத்தியசாலையையோ பேராதனைப் போதனா வைத்தியசாலையையோ அடைவார். மணிக்கணக்கில் பரவும் நோய்க்கு இந்தப் பயணமே நீளம்.

முதலில் எடுப்பது சி.டி. ஸ்கேன். நிமிடங்களில் முடியும், எலும்பைத் துல்லியமாகக் காட்டும். எலும்பரிப்பே இந்நோயின் அடையாளம் என்று பலர் படித்திருப்பார்கள். அதை எதிர்பார்த்துக் காத்திருப்பது ஆபத்து. பூஞ்சை குருதிக்குழாய் வழியே நகர்வதால், எலும்பு முழுதாக இருக்கும்போதே கண்குழிக்குள் நுழைந்திருக்கலாம். தொடக்கத்தில் தெரிவது ஒரு பக்கச் சவ்வுத் தடிப்பு மட்டுமே. அது சாதாரணப் பீனிசத்திலும் உண்டு. எனவே தேர்ந்த கண் தேடுவது கன்னக் காற்றறைக்குப் பின்னுள்ள கொழுப்பை. இயல்பில் கறுப்பாகத் தெரியும் அக்கொழுப்பில் சாம்பல் நிறக் கோடுகள் படர்வது ஆரம்ப அடையாளமாகலாம் என்று ஆய்வாளர்களான சில்வர்மன், மன்குசோ இருவரும் 1998 இல் எழுதினர்.

கண், மூளை நோக்கிய பரவலைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. முந்துகிறது. காடோலினியம் ஏற்றியதும் உயிருள்ள மூக்குச்சவ்வு பளிச்சிடும். குருதியோட்டம் அறுந்த சவ்வு கறுப்பாகவே நிற்கும். மூக்குச் சங்கெலும்பின் மேல் காணும் இந்தக் கருமை 2010 இல் தனி அடையாளமாக விவரிக்கப்பட்டது. இங்கே ஒளிராததே நோய். எம்.ஆர்.ஐ.யின் டி2 வகைப் படத்தில் இன்னொரு பொறியும் உண்டு: பூஞ்சையிலுள்ள இரும்பும் மாங்கனீசும் காற்றறையை இருளாக்குவதால், நிரம்பிய அறை வெற்றறைபோல் தோன்றும். சி.டி.யை அருகில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம் தவிரும். கண்குழியின் நுனி, மூளையடிக் குகைச் சிரைக்குடா, உட்கழுத்துத் தமனி ஆகியவற்றையும் விடாமல் பார்க்க வேண்டும். அத்தமனி அடைபட்டால் பக்கவாதம்.

நீரிழிவு நோயாளரின் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கலாம். சிகிச்சை மருந்தான அம்போடெரிசின் பி அதை மேலும் வாட்டும். அதனால் காடோலினியம் போன்ற மாறுபாட்டு மருந்தைப் படத்துக்காக ஏற்றத் தயங்குவது இயல்பு. ஆனாலும் கண்ணும் உயிரும் தொங்கும் வேளையில், சிறுநீரகச் செயல்பாட்டின் அளவைப் பார்த்துப் பாதுகாப்பான வகையைத் தெரிவதே சரி. மாறுபாட்டு மருந்தே வேண்டாம் என்பது பெரும்பாலும் தவறான சிக்கனம்.

இந்நோயில் நீரிழிவின் பங்கு எவ்வளவு என்பதை 2021 இல் இந்தியா கண்டது. கோவிட் இரண்டாம் அலையின்போது மியூக்கர் நோய் பெருகியது. தமிழ்நாடு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. ஜூன் இறுதியில் இந்திய அரசு சொன்ன 40,845 நோயாளரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் நீரிழிவுள்ளவர்கள். பாதிக்குமேல் ஸ்டீரொயிட் எடுத்தவர்கள்.

படம் இயல்பாக வந்தாலும் சந்தேகம் தீராது. மூக்கினுள் அகநோக்கி செலுத்தி, கறுத்த இடத்திலிருந்து இழையம் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மியூக்கர் என்றால் அகன்ற, குறுக்குச்சுவர் அரிதான, ஏறத்தாழச் செங்கோணத்தில் கிளைக்கும் இழைகள் தெரியும். எம்.ஆர்.ஐ. வரிசையில் இடம் கிடைக்கட்டும் என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் எடுக்கும் படங்கள், எஞ்சிய ஒளிராத இழையத்தைக் காட்டி, மறுபடி வெட்டியகற்ற வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க உதவுகின்றன.